கெடு நெருங்கும் வேளை

நுழையும்முன்

குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டிய பணிகளால் இயங்குவது இன்றைய தொழில் உலகம். பாலம் கட்டுவோர், மென்பொருள் உருவாக்குவோர், நாளிதழ் அச்சிடுவோர் என எவராயினும் அவர்கள்முன் ஒரு காலக்கெடு நிற்கிறது. அக்கெடு நெருங்கும்போது ஒரு குழுவிற்குள் நிகழ்வது என்ன? குழுவை வழிநடத்துபவர் அப்போது செய்யத்தக்கது யாது? மூன்று உண்மை நிகழ்வுகளின் வழியே இப்பாடம் அதனை ஆராய்கிறது.

தமிழில் 'கெடு' என்னும் சொல் தவணையையும் குறிக்கும், அழிவையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒலியால் ஒன்றுபட்டிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், பள்ளி ஆண்டு விழாவிற்கு முந்தைய மாலைப் பொழுதைக் கண்டவர்கள் அதனை முற்றிலும் தற்செயல் என்று ஒதுக்கிவிடமாட்டார்கள். மேடை அலங்காரம் பாதியில் நிற்கும். ஒலிபெருக்கி வந்து சேர்ந்திராது. நாடகத்தில் நடிக்க வேண்டிய மாணவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கும். அச்செய்தி மூன்று பேருக்குத் தெரிந்திருக்கும். எனினும், பொறுப்பாசிரியரிடம் அதனை முதலில் சொல்வது யார் என்று மூவரும் தயங்கி நிற்பர். பெரிய திட்டப்பணிகளில் நேர்வதும் ஏறத்தாழ இதுவே. ஆங்கே தயக்கத்தின் விலை மிகப் பெரிது.

நாற்பத்தாறு நாள்

1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு சென்ற தொடர்வண்டி ஒன்றைக் கடல் கொண்டது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்தது. கப்பல்களுக்கு வழிவிடத் திறந்து மூடும் நடுப்பகுதி தப்பியது. ஆனால், தூண்களின்மீது கிடந்த இரும்பு உத்தரங்களுள் நூற்று இருபதுக்கும் மேற்பட்டவை கடலுக்குள் வீழ்ந்தன. இராமேசுவரம் தீவிற்கு நிலப்பகுதியோடு இருந்த இணைப்பு அறுந்தது. பாலத்தைச் சீரமைக்க இரயில்வே நிருவாகம் ஆறு மாத காலம் குறித்தது. தெற்கு இரயில்வேயின் பொதுமேலாளர் அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். பணி ஒப்படைக்கப்பட்ட பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

புதிய உத்தரங்களைச் செய்யவும், தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவுமே மாதக்கணக்கில் ஆகும் என்பது தெரிந்ததே. அந்நிலையில், வீழ்ந்த உத்தரங்கள் கடலுக்கடியில் கிடப்பதாக மீனவர்கள் வழியே செய்தி கிடைத்தது. அவற்றையே மீட்டெடுத்து மீண்டும் தூண்களில் ஏற்றுவது என்று ஸ்ரீதரன் முடிவு செய்தார். முதல் உத்தரத்தைத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. செய்முறை கைவந்தபின் பணி விரைவு கொண்டது. நாற்பத்தாறு நாளில் பாலம் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

இந்நிகழ்வைச் சொல்வோர் பெரும்பாலும் நாற்பத்தாறு என்னும் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றனர். அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மேலதிகாரி, எந்தக் கெடுவையும் பாதியாக வெட்டினால் வேலை தானே முடிந்துவிடும் என்று கருதக்கூடும். அது தவறான பாடம். கெடுவைக் குறைத்ததனால் இரும்பு கிடைத்துவிடவில்லை. கடலையறிந்தோர் சொன்ன செய்தி பொறியாளரின் செவியை எட்டியது. அவர் தம் திட்டத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். கோப்பில் இருந்த திட்டத்தைவிடக் கரையில் கேட்ட சொல் பயனுடையது என்று ஏற்கும் மனம் அவரிடம் இருந்தது.

ஸ்ரீதரன் பின்னாளில் தில்லி மெட்ரோ பணிக்குத் தலைமை ஏற்றபோது, பணியிடங்களில் தலைகீழாக எண்ணும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. இன்னும் எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்பதை அவை காட்டும். கெடு என்பது மேலதிகாரியின் மேசைக்குள் பூட்டி வைக்கப்பட்டு, திடீரென எடுத்து வீசப்படும் பொருளாக அங்கே இல்லை. தொழிலாளி முதல் தலைவர் வரை அனைவரும் ஒருசேரக் காணும் பொதுச்செய்தியாக இருந்தது. அவரைப் பற்றி அறியப்படும் மற்றொரு வழக்கமும் குறிக்கத்தக்கது. மாலையில் உரிய நேரத்தில் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டுவிடுவார். நள்ளிரவுவரை விளக்கெரியும் அலுவலகமே உழைக்கும் அலுவலகம் என்று நம்புவோர்க்கு இது வியப்பளிக்கலாம்.

வாய் மூடும் குழு

அழுத்தம் மிகும்போது மனத்தின் கவனம் குறுகுகிறது. கையிலுள்ள ஒன்றைத் தவிர மற்றவை கண்ணில் படுவதில்லை. உறக்கம் குறைந்தவர் எளிய கணக்கிலும் பிழை செய்வார். இவை தனி மனிதரிடம் நிகழ்வன. ஓய்வும் மாற்றாளும் இருந்தால் ஓரளவு சரிசெய்யத்தக்கன. குழு முழுவதையும் பற்றும் கேடு வேறொன்று. அது மௌனம். தடையைச் சுட்டிக்காட்டுபவர் தாமதத்திற்குக் காரணமானவராகப் பார்க்கப்படுகிறார். 'முடியும்' என்பவர் ஊக்கமுடையவர் எனப் பெயர் பெறுகிறார். சில நாள்களில் அனைவரும் 'முடியும்' என்றே சொல்லப் பழகிவிடுகின்றனர்.

திருவள்ளுவர் பொருட்பாலில் காலமறிதலுக்கும் தெரிந்து வினையாடலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவற்றிற்கு முன்பே பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை வைத்தார். பிழை கண்ட இடத்தில் கடிந்து சொல்லும் துணையைப் பெறாத ஆட்சியாளனுக்கு வேறு பகைவர் தேவையில்லை என்பது அங்கே அவர் கூறும் கருத்து. இக்கருத்திற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு பெருஞ்சான்றாக நிற்கிறது.

எழுபத்து மூன்று வினாடி

1986 சனவரியில் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடத்தின் பயணம் பலமுறை தள்ளிப்போயிற்று. அதில் செல்லவிருந்த எழுவருள் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர். ஆதலின் நாடு முழுவதும் மாணவர்கள் அப்பயணத்தை எதிர்நோக்கியிருந்தனர். புறப்படுவதற்கு முந்தைய இரவு புளோரிடாவில் கடுங்குளிர். ஓடத்தின் இருபுறமும் பொருத்தப்பட்ட திண்ம எரிபொருள் உந்துகலங்களை உருவாக்கிய மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் அக்குளிரைக் கண்டு அஞ்சினர். உந்துகலத்தின் பகுதிகள் இணையும் இடத்தில் வெப்ப வாயு கசியாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் இறுகினால் இடைவெளியை உடனே அடைக்காது. அதற்குமுன் ஏவியவற்றுள் மிகக் குளிர்ந்த நாளில் வளையத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். அதற்கும் கீழே ஏவ வேண்டாம் என்று ரோஜர் பாய்ஸ்ஜாலி உள்ளிட்ட பொறியாளர்கள் தொலைபேசிக் கலந்தாய்வில் வற்புறுத்தினர்.

நாசா அலுவலர்கள் இப்பரிந்துரையை விரும்பவில்லை. அவர்களது எதிர்ப்பைக் கேட்ட நிறுவனத்தார் தமக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டனர். பேச்சு அரை மணி நேரம் நீண்டது. பொறியியல் பிரிவின் தலைவர், பொறியாளர் என்னும் நிலையை விட்டு மேலாளராக இருந்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். பொறியாளர்கள் அந்த அறையிலேயே இருந்தனர். ஆனால், இறுதி முடிவு மேலாளர் நால்வரால் மட்டுமே எடுக்கப்பட்டது. ஏவலாம் என்னும் மறுமொழி சென்றது. ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் பொறுப்பாளர் ஆலன் மெக்டொனால்டு ஒப்புதலில் கையொப்பமிட மறுத்தார். அவருக்கு மேலிருந்தவர் ஒப்பமிட்டு அனுப்பினார்.

மறுநாள் காலை, புறப்பட்ட எழுபத்து மூன்றாம் வினாடியில் ஓடம் வானில் சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்த இரவில் எவரும் உண்மையை மறைக்கவில்லை. அறிந்தவர்கள் அறிந்ததைச் சொன்னார்கள். கேட்கும் இடத்தில் இருந்தோரின் கேள்விதான் மாறியிருந்தது. 'பாதுகாப்பானது என்று காட்டுங்கள்' என்று கேட்பதே ஏவுதளங்களின் வழக்கம். அன்றோ, 'ஆபத்தானது என்று காட்டுங்கள்' என்னும் சுமை எச்சரித்தவர்களின் தோளில் ஏற்றப்பட்டது. முழுச்சான்றும் கையில் இல்லாத நிலையில் அச்சுமையை எவராலும் சுமக்க இயலாது. சில நாள் தாமதத்தைத் தவிர்க்க எடுத்த முடிவால் அடுத்த விண்வெளி ஓடம் புறப்பட இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆயிற்று. உண்மையை விசாரணைக் குழுவின்முன் உரைத்த மெக்டொனால்டு பதவியிறக்கம் பெற்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தினர் தலையிட்ட பிறகே நிலை மாறியது. பழுதான அந்த இணைப்பைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடமே வழங்கப்பட்டது.

பிழைக்குப் பின்

எச்சரிக்கையை மீறும் தவற்றைத் திறமையற்றோர் மட்டுமே செய்வர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியான எஸ்.எல்.வி-3 திட்டத்தின் இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் காலை ஸ்ரீஹரிகோட்டாவில் இறங்குமுக எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. இறுதிக் கட்டத்தில் கணினி ஏவுதலை நிறுத்தியது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிவது தெரிந்தது. உடனிருந்த வல்லுநர்கள் கசிவு சிறியது, இருப்பு போதும் என்றனர். கலாம் கணினியின் தடையைக் கடந்து ஏவ ஆணையிட்டார். முதல் அடுக்கு செவ்வனே செயற்பட்டது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. பல்லாண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

அதன்பின் நடந்தவையே இப்பாடத்திற்கு இன்றியமையாதவை. ஏறத்தாழ ஒரு வாரம் சரிவர உறங்காத கலாம், தம் அறைக்குச் சென்று படுக்கையில் சாய்ந்தார். மாலை நெருங்கும் வேளையில் ஒருவர் தோள் தொட்டு எழுப்பினார். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் கட்டிலருகே அமர்ந்திருந்தார். தோல்வியைப் பற்றி அவர் வினவவில்லை; உணவருந்தப் போகலாமா என்றுதான் கேட்டார். பணி அழுத்தத்தைக் குறைக்கும் வழிகள் குறித்து இன்று பயிலரங்குகள் பல நடைபெறுகின்றன. அவற்றுள் எதுவும் இக்கேள்வியைவிடப் பெரிதாக எதையும் கற்பித்துவிட இயலுமா என்பது ஐயமே.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் அன்று செய்தியாளர்களைத் தாமே சந்தித்தார். திட்ட இயக்குநரை முன்னிறுத்தி அவர் தப்பிக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டார், தம் குழுவின்மீது நம்பிக்கை உள்ளது என்றும் அடுத்த ஆண்டு வெற்றி கிட்டும் என்றும் அறிவித்தார். வெளியிலிருந்து வந்த கண்டனம் அவரோடு நின்றது, உழைத்தவர்களைச் சென்றடையவில்லை.

மறுநாள் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கலந்துகொண்டனர். கசிவுக்கான தொழில்நுட்பக் காரணம் விளக்கப்பட்டது. வால்வு ஒன்றில் மாசு படிந்ததால் அது மூடாமல் நின்றுவிட்டது. அவ்விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பழி ஒரு துணுக்கு மாசின்மீது விழுந்து முடிந்திருக்கும். ஆனால், கலாம் எழுந்தார். கசிவு தெரிந்தபோதே ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும்; அதனைப் பொருட்படுத்தாமல் விட்ட பொறுப்பு தம்முடையது என்றார். தலைவர் தமக்குமேல் குடை பிடித்ததனாலேயே, அக்குடையின்கீழ் நின்று அவரால் இவ்வாறு உண்மை பேச முடிந்தது. குற்றவாளியைத் தேடும் கூட்டமாக அஃது இருந்திருந்தால், எழுபது பேரும் தத்தம் பிரிவைக் காக்கும் வாதங்களோடு வந்திருப்பர். வால்வு பற்றிய உண்மை வெளிப்பட மாதங்கள் ஆகியிருக்கும்.

குழு கலைக்கப்படவில்லை. திட்டத்தின் இயக்குநரும் மாற்றப்படவில்லை. பழுதுகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. பதினொரு மாதங்களுக்குப்பின், 1980 சூலை 18ஆம் நாள் காலை, எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தனர். தவான் கலாமை அழைத்து, செய்தியாளர் கூட்டத்தை அவரே நடத்துமாறு சொல்லி அனுப்பினார்.