கொத்தலஹிம்புட்டுத் தண்ணீரில் இருப்பது என்ன?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதி வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. இந்தப் பக்கத்தில் சீனி வருத்தத்துக்கென்று பேசப்படும் மூலிகைகளில் கொத்தலஹிம்புட்டு முக்கியமானது. தமிழ் வைத்தியத்தில் பொன்கொரண்டி என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கட்டைக்கொடி இது. அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், 51 நோயாளருக்கு இந்த மூலிகைத் தேநீரும் வெறும் தேநீரும் மூன்று மாதம் வீதம் மாற்றிக் கொடுக்கப்பட்டன. மூலிகை குடித்த காலத்தில், இரத்தச் சீனியின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அவர்களுக்குக் குறைந்திருந்தது. பயன் உண்டு என்று கண்டாயிற்று. ஆனால் தண்ணீரில் இறங்குவது எது, அதன் அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன? இதற்கு விடை தேடியவர்கள் பெரிதும் நம்பியது அணுக்கருக் காந்தப் பரிவு முறையை, சுருக்கமாக என்.எம்.ஆர். மூலக்கூற்றைக் கரைசலில், அது அசைந்துகொண்டிருக்கும்போதே விசாரிக்க முடிவதுதான் இம்முறையின் தனிப் பலம் என்பது என் கருத்து. அசைவு இம்முறைக்கு இடைஞ்சல் தருகிறது; அதே அசைவு சான்றாகவும் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதும் இதே தத்துவத்தில்தான். ஐதரசன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம். வலிய காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், ஒரு குறித்த மீடிறனில் அது சக்தியை உறிஞ்சும். இதை பிளொக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டு 1946இல் வெளியிட்டன. 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரசாயனவியலாளரை ஈர்த்தது அதற்குப் பின் வந்த செய்தி. கருவைச் சூழ்ந்த இலத்திரன்களுக்கேற்ப அந்த மீடிறன் சிறிது விலகுகிறது. 1951இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்னோல்ட், தர்மாட்டி, பக்கார்ட் ஆகியோர் எதனோலை ஆராய்ந்து, அதன் ஆறு ஐதரசன்கள் 1:2:3 என்ற விகிதத்தில் மூன்று சமிக்ஞைகளாகப் பிரிவதைக் காட்டினார்கள். இவர்களில் தர்மாட்டி பிறகு மும்பை டாட்டா நிறுவனத்தில் இந்தியாவின் என்.எம்.ஆர். ஆய்வுக்கு அடித்தளமிட்டவர். அடுத்தடுத்துள்ள ஐதரசன்கள் ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்று பிளக்கும். அந்தப் பிளவின் அளவு அவற்றுக்கிடையேயுள்ள கோணத்தைப் பொறுத்தது என்று 1959இல் கார்ப்ளஸ் விளக்கினார். ஆக, எந்த அணு எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை இந்தச் சமிக்ஞைக் கோடுகளிலிருந்து ஊகித்தறிய வழி பிறந்தது.

கொத்தலஹிம்புட்டில் இந்த வழி எளிதாக இருக்கவில்லை. 1997இல் ஜப்பானின் யொஷிகாவா குழு இதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தது. நேரேற்றம் கொண்ட கந்தகம் உள்ள சிறு வளையமும், சல்பேற்றுத் தாங்கிய பக்கச் சங்கிலியும் கொண்ட விசித்திர அமைப்பு அது. மறு ஆண்டு கொட்டலனோல் வந்தது. அதன் சங்கிலி நீளமானது, ஏழு காபன்கள். அவற்றுள் ஐந்து காபன்களில் ஒவ்வொன்றிலும் தொகுதிகள் இரு விதமாக அமையலாம் என்பதால், கணக்குப்படி 32 வடிவங்கள். இங்கேதான் அசைவு குறுக்கிட்டது. விறைப்பான வளையத்தில் கோணங்கள் நிலையானவை. நெகிழும் சங்கிலியிலோ பிணைப்புகள் ஓயாமல் சுழல்கின்றன. சுழலும் சைக்கிள் சக்கரத்தைப் படம் பிடித்தால் கம்பிகள் கலங்கித் தெரிவதுபோல, என்.எம்.ஆர். அங்கே தருவது பல கோணங்களின் சராசரியை. அந்தச் சராசரியிலிருந்து 32இல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினம்.

முடிச்சு அவிழ்ந்தது ஒப்பீட்டினால். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெயகாந்தன், மோகன், பின்டோ ஆகியோர் கொட்டலனோலின் அமைப்பை 2009இல் தொகுப்பு முறையால் நிறுவினார்கள். பொருத்தமெனக் கருதிய வடிவத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கி, இயற்கைப் பொருளின் தரவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரே அணுத்தொகையும் ஒரே நிறையும் உள்ள இரு சமபகுதியங்களில் ஒரேயொரு காபனில் ஒழுங்கு மாறினாலும், சங்கிலி சுழலும் விதம் மாறும், சராசரியும் மாறும், கோடுகள் விலகும். வாசிப்பதற்குத் தடையாயிருந்த அசைவே ஒப்பிடும்போது மூலக்கூற்றின் கைநாட்டாகிவிட்டது.

அசைவை நேரடியாகவும் அளக்கலாம். சைக்கிளோஎக்சேனின் பன்னிரண்டு ஐதரசன்களும் அறை வெப்பநிலையில் ஒரே கோடாகத் தெரிகின்றன. வளையம் ஒரு செக்கனில் இலட்சம் தடவை அளவில் புரள்வதே காரணம். −100 பாகை செல்சியசுக்குக் குளிரவைத்தால் புரளல் தளர்ந்து, வளையத்தின் இருவகை ஐதரசன்களும் வெவ்வேறு கோடுகளாகப் பிரிந்துவிடும். இம்முறை சிறிய மூலக்கூறுகளோடு நின்றுவிடவில்லை; புரதங்கள் போன்ற பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தைக் கரைசலிலேயே அறியும் வழியை உருவாக்கியதற்காக 2002இல் வூத்ரிக் நோபல் பரிசு பெற்றார்.

எக்சு-கதிர்ப் பளிங்கியல் அணுக்களை நேராகவே படம்பிடித்துக் காட்டும்போது இவ்வளவு சுற்றுவழி ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சலசினோலின் அமைப்பை உறுதிசெய்தது எக்சு-கதிர்தான். கொட்டலனோல் நம் குடலின் மாப்பொருள் பிரிக்கும் நொதியத்தில் எப்படிப் பொருந்துகிறது என்பதைக் காட்டியதும் பளிங்கு ஆய்வே. ஆயினும் நல்ல பளிங்கு கிடைக்காத பொருள்கள் ஏராளம். கிடைத்தாலும் பளிங்கு காட்டுவது மூலக்கூற்றின் உறைந்த தோற்றம் ஒன்றை. குவளைத் தண்ணீரிலும் குடலிலும் அது உறைந்து நிற்பதில்லை. நிறை நிறமாலைமானி மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்குமே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், உணர்திறனில் என்.எம்.ஆர். பின்தங்கியது. ஆனால் ஒரே நிறையுள்ள சமபகுதியங்களை நிறையை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

தலைமுறைகளாகக் குடித்துவருவோருக்கு இதனால் என்ன என்பதுதான் கனமான ஆட்சேபம். கொடிக்குக் கொடி, கட்டைக்குக் கட்டை சரக்கின் செறிவு மாறும். தூளாக்கிய பிறகு வேறு இனம் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பிரித்தெடுத்த சாற்றின் என்.எம்.ஆர். கோடுகள் பொருளை அடையாளம் காட்டும். கோட்டின் பரப்பு கருக்களின் எண்ணிக்கைக்கு விகிதசமமாதலால் அளவையும் சொல்லும். மாத்திரையோடு சேர்த்து இதையும் குடிக்கும் ஒருவருக்குச் சீனி எவ்வளவு இறங்கும் என்று வைத்தியர் கணிக்க அந்த அளவு வேண்டும். பேராதனையில் பேராசிரியர் சுல்தான்பாவாவின் வழிகாட்டலில் நாட்டு மரங்களின் இரசாயனம் பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. ஹந்தானையில் அடிப்படை ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைக் கடையில் விற்கும் தூள் பொதியில் சலசினோல் இத்தனை மில்லிகிராம், கொட்டலனோல் இத்தனை என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பதை வாங்குவோர் உரிமையாகவே கேட்கலாம்.