பனிக்குள் 63 வருஷம்... காணாமல்போன பயிற்சி விமான வீரர்கள் வீடு திரும்பிய கதை!

2005 அக்டோபர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. மெண்டல் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர், பனியில் ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். கிட்டப்போய் பார்த்தால், ஒரு மனித உடல். பழைய ராணுவ உடை. கூடவே விரிக்கப்படாத பாராசூட்.

மலையேற வந்து மாட்டிக்கொண்ட யாரோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், அவர் அங்கே வந்து சேர்ந்தது 1942-ல்!

அன்றைக்கு என்ன நடந்தது?

இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். 1942 நவம்பர் 18 அன்று, சாக்ரமென்டோ பக்கத்தில் இருக்கும் மேதர் ஃபீல்டு ராணுவ விமான தளத்திலிருந்து ஒரு ஏடி-7 ரக பயிற்சி விமானம் கிளம்பியது. விமானி வில்லியம் கேம்பர். கூடவே மூன்று பயிற்சி வீரர்கள்: ஜான் மார்ட்டென்சன், எர்னஸ்ட் க்ளென் மன், லியோ முஸ்டோனன். நான்கு பேருமே இருபதுகளில் இருந்தவர்கள்.

அவர்கள் கற்றுக்கொண்டிருந்தது நேவிகேஷன், அதாவது வானத்தில் வழி கண்டுபிடிப்பது. இப்போ நம்ம போன்ல இருக்கிற ஜி.பி.எஸ் எல்லாம் அப்போ கிடையாது. வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், நட்சத்திரம் ஆகியவற்றை வைத்து கணக்குப் போட்டுத்தான் 'நாம் எங்கே இருக்கோம்' என்று கண்டுபிடிக்கணும். வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளப் போன விமானமே, திட்டமிட்ட பாதையை விட்டு வெகுதூரம் விலகி, சியாரா நெவாடா மலையில் மோதியது. ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை.

அந்தப் போரில், சண்டை நடக்காத அமெரிக்க மண்ணிலேயே விமான விபத்துகளில் சுமார் 15,000 வீரர்கள் இறந்தார்கள். எதிரியையே பார்க்காமல் போன உயிர்கள் அவை.

நான்கு பேருக்கு ஒரே கல்லறை

அப்போது தேடியும் விமானம் கிடைக்கவில்லை. 1947-ல் மலைக்குப் போனவர்கள் தற்செயலாக விமானத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். ராணுவம் போய்ப் பார்த்தபோது கொஞ்சம் எச்சங்களே கிடைத்தன. யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. எனவே 1948-ல், சான் புரூனோவில் உள்ள கோல்டன் கேட் தேசிய கல்லறையில் நான்கு பேரின் பெயரையும் ஒரே கல்லில் பொறித்து அடக்கம் செய்தார்கள். ஃபைல் மூடப்பட்டது.

பனி ஏன் திருப்பிக் கொடுத்தது?

பனியாறு என்பது அசையாத ஐஸ் கட்டி இல்லை. மேலே விழும் பனி அடுக்கடுக்காக இறுகி, தன் எடையாலேயே மெதுவாகக் கீழ்நோக்கி நகரும். விழுந்த பொருளை மூடி, உள்ளே வைத்துக்கொண்டே நகர்த்தும். குளிரும் பனியும் உடல் அழுகுவதைத் தடுக்கும். வெயில் காலத்தில் பனி அதிகமாக உருகினால், உள்ளே இருப்பது வெளியே தெரியும். இங்கே நடந்ததும் அதுதான்.

பெயர் கண்டுபிடித்தது எப்படி?

உடலைச் சுற்றியிருந்த பனியோடு சேர்த்தே வெட்டி எடுத்து, ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். பிறகு, போரில் காணாமல்போனவர்களை அடையாளம் காணும் அமெரிக்க ராணுவத்தின் ஹவாய் ஆய்வகத்துக்குப் போனது. பற்கள், எலும்பு, உடை, பாக்கெட்டில் இருந்த காசு, துருப்பிடித்த பெயர்ப்பட்டை என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 2006-ல் விடை கிடைத்தது. அவர் மின்னசோட்டா மாநிலம் பிரெய்னர்டைச் சேர்ந்த, 22 வயது லியோ முஸ்டோனன்.

அடுத்த வருஷம், 2007 ஆகஸ்ட். இந்த விபத்தைப் பற்றி எழுதுவதற்காக அதே மலைக்குப் போன எழுத்தாளர் பீட்டர் ஸ்டெக்கல், அதே பனியாற்றில் இன்னொரு உடலைப் பார்த்தார். 2008-ல் அது ஓஹையோவைச் சேர்ந்த 23 வயது எர்னஸ்ட் க்ளென் மன் என்று உறுதியானது.

இங்கே கைகொடுத்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். அதனால் கூடப்பிறந்த அக்கா, தங்கைக்கும் அதேதான் இருக்கும். அண்ணன் மகளுக்கு வராது, அவளுக்கு அவள் அம்மாவுடையது. மன்னின் சகோதரிகள் உயிரோடு இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு தலைமுறை தாண்டியிருந்தால் இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

சொந்த ஊர் மண்

முஸ்டோனனின் பெற்றோர் ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மகன் கிடைத்த செய்தியைக் கேட்க இருவருமே உயிரோடு இல்லை. 2006 மார்ச்சில் சொந்த ஊரில் ராணுவ மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். மன்னை 2008-ல் ஓஹையோவில் அடக்கம் செய்தபோது, சகோதரிகள் வயதான பாட்டிகளாகியிருந்தார்கள். அண்ணனுக்கு மட்டும் அதே 23 வயது.

'அறுபது வருஷம் கழிச்சு உடல் கிடைச்சு என்ன ஆகப்போகுது?' என்று கேட்கலாம். வீட்டில் ஒருத்தர் காணாமல்போன குடும்பத்துக்குத் தெரியும். இறந்துட்டார்னு காகிதம் வந்தாலும், வாசல் பக்கம் சத்தம் கேட்டா மனசு ஒரு நிமிஷம் ஏங்கும். பொதுக் கல்லறையில் பெயர் இருப்பதும், நம்ம ஆளை நாமே மண்ணில் வைப்பதும் ஒன்று இல்லை.

கேம்பர், மார்ட்டென்சன் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. சான் புரூனோவில் உள்ள அந்த ஒரே கல்தான் அவர்களுக்கு.