பொய் பில்லுக்கு யார் கையெழுத்து?

அலுவலக ஊழலைப் படமாக்கும்போது நம் சினிமா பெரும்பாலும் ஒரே ஒரு முதலாளியைக் கெட்டவனாக்கும். கடைசி ரீலில் அவனை ஒழித்துக்கட்டி, நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும். 2014 அக்டோபரில் கொரியாவின் டிவிஎன் சேனலில் தொடங்கி இருபது பகுதிகள் ஓடிய ‘மிசெங்’ தொடர் அந்த நிம்மதியைத் தரவில்லை. அதில் திருடன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் நல்லவர்களும் உண்டு. அவனைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்குப் பாராட்டு கிடைப்பதில்லை, தூக்கம்தான் கெடுகிறது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருப்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். கோரமங்களா, டொம்ளூர், எம்.ஜி. ரோடு என்று இங்கிருந்து தினமும் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்: அக்கவுண்ட்ஸ், கால் சென்டர், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. இவர்களில் பலர் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். சில இடங்களில் அடையாள அட்டை தொங்கும் கயிற்றின் நிறமே அதைச் சொல்லிவிடும். வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளையின் வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று மன்றாடும் தாய்மார்களை நான் அறிவேன். அந்த வேலையில் தவறு நடப்பது பிள்ளையின் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று எந்த வீட்டிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

‘மிசெங்’கின் நாயகன் ஜாங் கு-ரே அப்படியொரு கான்ட்ராக்ட் ஊழியன். பாதுக் என்ற பலகை ஆட்டத்தில் தொழில்முறை வீரனாக முயன்று தோற்றவன். கல்லூரிப் படிப்பு இல்லை. சிபாரிசில் ஒன் இன்டர்நேஷனல் என்ற வர்த்தக நிறுவனத்துக்குள் வருகிறான். அவனுடைய பிரிவுத் தலைவர் ஓ சாங்-ஷிக். வேலையில் புலி. மேலிடத்துக்கு ஜால்ரா போடத் தெரியாததால் பதவி உயர்வில் பின்தங்கியவர். இருவருக்கும் நடுவில் கிம் டோங்-ஷிக், பெரியவரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு சின்னவனுக்கு வேலை கற்றுத் தருகிறவர்.

இந்த மூவருக்கு நடுவே வந்து சேர்கிறான் பார்க் ஜோங்-ஷிக். ஒரு காலத்தில் ஜோர்டானில் பெரிய வியாபாரம் பிடித்துத் தந்தவன். இப்போது அலட்சியம்: பெண் ஊழியரை இழிவாகப் பேசுகிறான், கு-ரேவை மட்டம் தட்டுகிறான். பழைய வெற்றியை நினைத்து எல்லோரும் பொறுத்துப் போகிறார்கள். கம்பெனிக்குக் கோடிகளைக் கொண்டுவந்தும் தனக்கு மிஞ்சியது மாதச் சம்பளம்தானே என்ற புழுக்கம் அவனுக்கு. ஜோர்டானுக்குப் பழைய கார் அனுப்பும் திட்டத்தில், இடையில் நிற்கும் நிறுவனத்துக்கு வழக்கத்துக்கு மீறிய லாபம் போகிறது. அந்த நிறுவனத்தில் அவன் கை இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில், கமிஷன் அடிக்கிறான்.

இதைக் கண்டுபிடிக்கும் இடத்தில் துப்பறியும் சாகசம் எதுவும் இல்லை. கணக்கு இடிக்கிறது. கடைசி நாற்காலியில் இருக்கும் கு-ரே வாய் திறந்து கேட்கிறான், ஓ காது கொடுக்கிறார். மொத்தத் தொடரிலும் எனக்கு ஆக முக்கியமாகப் படுவது இந்த உறவுதான். நேர்மை எந்த ஆபீஸிலும் யாரோ ஒருவரிடம் இருக்கத்தான் செய்கிறது. அவர் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் ‘என்னப்பா பார்த்தே, சொல்லு’ என்று கேட்கிற மேலதிகாரி கிடைப்பதுதான் அபூர்வம்.

அதன் பிறகு நடப்பதையும் தொடர் மறைக்கவில்லை. கையெழுத்திட்ட மேலதிகாரிகள் தண்டனைக்கு ஆளாகிறார்கள், சக ஊழியர்கள் ஓவின் பிரிவை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதே ஜோர்டான் திட்டத்தை ஊழலை நீக்கிவிட்டு நாமே செய்வோம் என்று கு-ரே சொல்லும்போது அறையே திகைக்கிறது. பின்னால், மேலிடத்து சோய் கொடுக்கும் சந்தேகத்துக்குரிய சீன ஒப்பந்தத்தை ஓ கையில் எடுப்பதற்கு, கு-ரேவை நிரந்தரமாக்கலாம் என்ற ஆசையும் ஒரு காரணம். பாசமே ஒரு நேர்மையான மனிதனைத் தவறின் வாசலுக்குக் கொண்டுபோகிறது! முடிவில் ஓ வெளியேறுகிறார், கு-ரேவுக்கும் வேலை நிரந்தரமாகவில்லை.

2017-இல் வந்த ‘சீஃப் கிம்’ என்ற கொரியத் தொடர் இதே விஷயத்தைச் சிரிப்பாகச் சொன்னது: ரௌடிகளுக்குக் கணக்கெழுதியவன் பெரிய நிறுவனத்தைச் சுரண்ட வந்து, ஊழியர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறான். அது ஓடிக்கொண்டிருந்த பிப்ரவரியில்தான் சாம்சங் துணைத் தலைவர் லீ ஜே-யோங் லஞ்ச வழக்கில் கைதானார். மார்ச் 10 அன்று அந்நாட்டு அதிபர் பார்க் குன்-ஹேயின் பதவி பறிபோனது.

நம் நாட்டிலும் இந்தப் பாத்திரங்கள் எல்லாம் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. கணக்கைத் தணிக்கை செய்தது நம் பெங்களூரின் பெயரில் பதிவான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் பிரிவு. ராஜுவின் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்னால், 2008 டிசம்பரில், ஜோசப் ஆபிரகாம் என்ற புனைபெயரில் ஒருவர் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவருக்கு மின்னஞ்சலில் உண்மையை எழுதியிருந்தார். சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை. 2015 ஏப்ரலில் தண்டிக்கப்பட்ட பத்துப் பேரில் ராஜுவோடும் அவர் தம்பிகளோடும் முன்னாள் ஊழியர்களும் உள் தணிக்கைத் தலைவரும் இருந்தார்கள். மேலே இருப்பவர் சொன்னார், செய்தோம் என்ற பதில் நீதிமன்றத்தில் காப்பாற்றவில்லை.

மறுபக்கத்தில், தமிழர் நிறைந்த கோலார் தங்க வயலிலிருந்து போன எஸ். மஞ்சுநாத். ஐ.ஐ.எம். லக்னோவில் படித்து இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரியானவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பெட்ரோல் பங்கைப் பூட்டி சீல் வைத்தார். மறுபடியும் சோதனைக்குப் போனவரை 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. பங்க் உரிமையாளரின் மகனுக்கு 2007-இல் விதித்த மரண தண்டனை 2009-இல் ஆயுள் தண்டனையானது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மஞ்சுநாத்துக்கு ஓ சாங்-ஷிக் போல ஒரு மேலதிகாரி அருகில் நின்றிருந்தால் தனியாக அந்தச் சோதனைக்குப் போயிருக்க மாட்டார் என்றே என் மனம் அடித்துக்கொள்கிறது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 177-ஆவது பிரிவில், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் புகார் செய்ய வழி வைத்திருக்க வேண்டும், புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. உங்கள் கம்பெனியில் அது எங்கே இருக்கிறது, ஏஜென்சி ஆளும் அதில் எழுதலாமா என்று நாளைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தால், அவர்களில் கடைசி ஆளிடம் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அரசுத் துறை ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையைக் கேட்டு உங்கள் எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள்.