இழுவைப் பெட்டியின் தாங்கு சில்லு

நெல் மூட்டை ஏற்றிய இருசில்லுப் பெட்டியை உழவு இயந்திரத்தினின்று கழற்றுங்கால், இணைப்புத் தண்டு திடீரெனத் தாழ்ந்து காலை நசுக்கக்கூடும். இதனைத் தடுப்பதற்கே தண்டின் முனையருகே சிறு தாங்கு சில்லொன்று பொருத்தப்படுகிறது. அதன் கைபிடியைச் சுழற்றித் தண்டை உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும்.

தண்டின் முனை சுமத்தும் பாரத்திலும் கூடிய பாரத்தைத் தாங்கவல்ல சில்லையே தெரிதல் வேண்டும். ஒடுங்கிய சில்லு ஈரநிலத்திற் புதையும், அகன்றதே ஏற்றது. காற்றடைத்த சில்லு மென்னிலத்தில் எளிதில் உருளும். ஆயினும், முள் மிகுந்த இடங்களுக்குத் திண்ம இறப்பர்ச் சில்லே நன்று.

கழற்றுமுன் பெட்டியின் பெரிய சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். பெட்டி உருளுவதைத் தாங்கு சில்லு தடுக்காது. மென்னிலமாயின் அதன் கீழ்ப் பலகை இடுக. பாரம் பின்புறம் மிகுந்திருப்பின், கழற்றியவுடன் தண்டு மேலெழுந்து தாக்கும். இதனையும் சில்லு தடுக்கமாட்டாது. ஆதலால், இயந்திரத்துடன் பூட்டியிருக்கும்போதே, பின்புற மூட்டைகளை முதலில் இறக்குக. பெட்டியை இழுத்துச் செல்லுமுன் சில்லை முற்றாக உயர்த்தி, கவ்வியை இறுக்குதல் அவசியம்.

வயல்வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, உலர்ந்தபின் திருகுக்கும் அச்சுக்கும் கிறீசு இடுக. திருகின் புரி தேய்ந்தாலோ, கவ்வி வெடித்தாலோ உடனே மாற்றுதல் வேண்டும். சில்லு சிறிதாயினும், அதன் பழுதால் விளையும் ஊனம் சிறிதன்று.