டீசல் எஞ்சினும் அதன் சுவாசமும்

டீசல் எஞ்சின் என்றதும் உங்களில் பலருக்கு லாரியும் பஸ்ஸும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டும் ஞாபகத்துக்கு வரும். கரும்புகையும் கடகடவென்ற சத்தமும் அதன் உடன்பிறப்புகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. அத்தகைய எஞ்சின் ஒரு சிறு காரின் முகப்புக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சினுக்கு ஈடுகொடுத்து ஓடத் தொடங்கியது எவ்வாறு என்பதையும், அதை வைத்திருப்பவர்கள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பதையும் இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நான் எஞ்சினீயர் அல்லன். பௌதிகம் கற்பித்த பள்ளி ஆசிரியன். ஆயினும் இடறியவர்களுள் நானும் ஒருவன். ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு நாள் நான் கற்ற பாடம், வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்ததைக் காட்டிலும் அழுத்தமானது.

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்கள். பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கை உணர்ந்திருக்கும். காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடேறும். டீசல் எஞ்சினின் இரகசியம் முழுவதும் இதுதான். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீயை மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று நெருக்க, அதன் உஷ்ணம் 500 பாகை செல்ஸியஸுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் இக்கருத்துக்கு 1892-இல் காப்புரிமை கோரினார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது. அந்நாளைய நீராவி எஞ்சின்களால் அதை நெருங்க முடியவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு டீசலைத்தான் புகையின்றி எரிக்கலாம். அதிகக் காற்று வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சின் காருக்குள் அடங்காது. இதற்கு வழி கண்டவர் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர். எஞ்சின் வீணாக வெளியே தள்ளும் சூடான புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்று 1905-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதுவே டர்போ. அமுக்கப்பட்ட காற்று சூடாகி விரிந்துவிடுமாகையால், வழியில் ரேடியேட்டர் போன்ற இன்டர்கூலர் என்னும் உறுப்பில் அதைக் குளிரச் செய்து, பிறகே எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள்.

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஃபியட் நிறுவனம் உருவாக்கி, 2003-இல் போலந்து நாட்டில் உற்பத்தி தொடங்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் இந்தியச் சாலைகளில் மிகவும் பழக்கமானது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் காரில் அது இங்கே புகழ் பெற்றது. பின்னர் டாட்டாவின் கார்கள் சிலவற்றிலும் இடம் பெற்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. எனினும் அந்த எஞ்சின் பூண்ட வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதன் அளவுகளைக் கேளுங்கள். நான்கு சிலிண்டர்கள், பதினாறு வால்வுகள். சிலிண்டரின் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 82 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் கொண்டு மொத்தக் கொள்ளளவு 1,248 கன சென்டிமீட்டர் வருகிறதா என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சிலிண்டர் 312 கன சென்டிமீட்டர்தான். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டர்கூட இதைவிடப் பெரியது. அப்படியிருந்தும் 75 குதிரைச் சக்தி வகை எஞ்சின், நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஏறக்குறைய இதே அளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்கள் 110, 115-ஐ ஒட்டி நின்றுவிடும். மேட்டில் டீசல் கார் சளைக்காமல் ஏறுவதன் காரணம் இதுவே. ஆனால் 2,000 சுற்றுக்கு வெகுவாகக் கீழே டர்போ இன்னும் விழித்தெழாது. அப்போது மேல் கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகுமேயன்றி ஏறாது.

டீசலைப் பீய்ச்சும் விதமும் வியப்புக்குரியது. பம்பு ஒரு பொதுக் குழாயில் டீசலை 1,400 பார் வரை அமுக்கி வைக்கிறது. கார் டயரிலுள்ள அழுத்தம் ஏறத்தாழ 2 பார் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கடுமை விளங்கும். நான்கு இன்ஜெக்டர்களும் கம்ப்யூட்டரின் கட்டளைக்கிணங்க அதைத் திறந்து மூடுகின்றன. ஒரே சுழற்சியில் பலமுறை சிறிது சிறிதாகப் பீய்ச்சுவதால் பழைய கடகடப்பு அடங்கியது.

இவ்வளவு நுட்பமான உறுப்புக்குத் தண்ணீரே முதல் பகைவன். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வேறு எண்ணெய் கிடையாது. அவற்றினூடே ஓடும் டீசலே அவற்றுக்கு வழுவழுப்பு. டீசலில் நீர் கலந்தால் உலோகம் துருவேறித் தேய்ந்துபோகும். ஆகவே டீசல் ஃபில்டரின் அடியில் தங்கும் நீரை வடித்துவிட வேண்டும். ஃபில்டரையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணிப் பல்லாயிரம் செலவு செய்தவர்களை நான் அறிவேன். தவறிப் பெட்ரோலை நிரப்பிவிட்டால் சாவியையே திருப்பக்கூடாது. டாங்கைக் காலி செய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். காலைக் குளிரில் சிறிது நேரம் வெண்புகை வந்தால் எரியாத டீசல். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இந்த நீலத்தைத்தான் நான் அலட்சியம் செய்தேன்.

என் கார் எந்த நிறுவனத்தாருடையது என்பது இங்கே வேண்டாம், குற்றம் அவர்களுடையதன்று. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை, ‘அளவு சரியாகத்தானே இருக்கிறது’ என்று 19,000 வரை தள்ளினேன். மலை ஏறியதும் ஏரிக்கரையில் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பிவிடுவதும் என் வழக்கம். அன்று குடும்பத்தோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்தபோது விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. வண்டியின் இழுவை குறைந்தது. பின்னால் நீலப்புகை மண்டியது. ஓரம் கட்டி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. எஞ்சின் தானாக வேகமெடுத்தது. சாவியைத் திருப்பி உருவியும் விட்டேன். அது நிற்கவில்லை! மேலும் அலறியது. குழந்தைகளை இறங்கச் சொல்லிக் கத்தினேன்.

பின்னால் வந்த லாரியின் டிரைவர் குதித்து ஓடி வந்தார். “பிரேக்கை அமுக்குங்க சார்! டாப் கியரைப் போட்டு கிளட்சைப் பொசுக்குனு விடுங்க!” என்றார். அவ்வாறே செய்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

நடந்தது என்ன? டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளை எட்டக்கூடியது. அது பேரிங்கில் நேராக உட்காராமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. படலம் அறுந்தால் தண்டு தள்ளாடும். காற்றுப் பக்கத்துச் சீல் போய்விடும். எஞ்சின் ஆயில் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் நுழையும். டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை என்றேனல்லவா? உள்ளே வந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு அது ஓடும். சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். வேகம் கூடக்கூட ஆயில் மிகுதியாக வரும். ஆயில் மிகுதியானால் வேகம் மேலும் கூடும். காற்றுக் குழாயைக் கையால் அடைக்க முயன்றுவிடாதீர்கள். அந்த உறிஞ்சலில் கை பலத்த காயமடையும். கியரைப் போட்டு எஞ்சினைத் திணறடிக்க முடியாவிட்டால் ஆட்களை வண்டியிலிருந்து தூரமாக அப்புறப்படுத்துவதே செய்யத்தக்கது.

வண்டியைக் கட்டி இழுத்துச் சேலத்தில் ஒரு பட்டறையில் சேர்த்தோம். பட்டறைக்காரர் நாமக்கல் லாரிகளில் தொழில் பழகியவர். நான் புது டர்போவை மாட்டித் தரும்படி அவசரப்பட்டேன். அவர் ஒப்பவில்லை. “டர்போ தானாச் சாகாதுங்க. எண்ணெய் போகாமத்தான் செத்திருக்கும். ஏன் போகலைன்னு பார்க்காம புதுசு மாட்டுனா அதுவும் போயிருமுங்க” என்றார். டர்போவுக்கு ஆயில் கொண்டுசெல்லும் சிறு குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது, மற்றதெல்லாம் கரி. மலை ஏறிவந்த சூட்டில் எஞ்சினை உடனே நிறுத்தும்போது ஆயில் பம்பும் நின்றுவிடுகிறது. அனல் பறக்கும் டர்போவில் தேங்கிய ஆயில் கருகிப் படிகிறது. பழைய ஆயிலாக இருந்தால் இன்னும் விரைவில் படியும். ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டிருந்தால் போதும்.

அடியிலிருந்த ஆயில் சட்டியைக் கழற்றியபோது சல்லடையிலும் கரிக் கசடு இருந்தது. டைமிங் செயினையும் அவர் சோதித்தார். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது; ஆயில் கெட்டால் செயின் தளரும், தளர்ந்த செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். நான் மேலே சொன்ன 1.3 லிட்டர் எஞ்சினிலும் இப்படிச் செயின்தான் இருக்கிறது. அதன் மொத்த ஆயிலே ஏறத்தாழ 3 லிட்டர்தான். என் வண்டியில் செயின் தப்பியிருந்தது.

அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். குழாயையும் சல்லடையையும் மாற்றினார். இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது அரை டம்ளர் ஆயில் வழிந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் புது டர்போவோடு எஞ்சின் மறுபடியும் தறிகெட்டு ஓடியிருக்கும் என்றார். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் வால்வில் படிந்த கரியையும் சுரண்டினார். கடைசியில் புது டர்போவின் வாயில் சிறிது ஆயிலை ஊற்றி, கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, இன்ஜெக்டர்களின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எஞ்சினைச் சில வினாடிகள் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழலவிட்டார். எண்ணெய் மேலே வந்து சேர்ந்தது என்று நிச்சயமான பிறகே டீசலுக்கு உயிர் கொடுத்தார். அன்று மாலையே குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் என் மகள், “அப்பா, ஒரு நிமிஷம்” என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.