பறவைக்குள் ஒரு கோலம்

"அலகு சரியில்லை, மீண்டும் வரைக." ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் ஓவிய நோட்டில் சிவப்பு மையால் இப்படி எழுதியது நான்தான். அதன்பிறகு அவன் பறவையே வரையவில்லை. கேட்டால், "எனக்கு வராது சார்" என்பான்.

சில வாரங்கள் கழித்து, கோண்டு பறவை ஓவியம் ஒன்றை வண்ணப் பிரதி எடுத்து மாணவர்களிடம் கொடுத்தேன். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். அந்த மாணவனின் வீட்டுக்கு மட்டும் மாலையில் நானே போனேன். சிப்காட் அருகே ஓர் அறை வீடு. அப்பா இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா ரோஜாப் பண்ணையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"இது என்ன பறவைன்னே தெரியலையே சார்" என்றார் அப்பா. அம்மாவோ, "மயில் மாதிரி இருக்கு, ஆனா காலு கொக்குக் காலு" என்று சிரித்தார். பாட்டி படத்தை வாங்கி, பறவையின் உடலில் இருந்த புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு தெலுங்கில், "உள்ளே முக்கு போட்டிருக்காங்க" என்றார். தெலுங்கில் முக்கு என்றால் கோலம். பறவை சரியாக இருக்கிறதா என்று அங்கு யாருமே கேட்கவில்லை.

பாட்டி சொன்னது ஓவிய வரலாற்றுக்கும் பொருந்துகிறது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் 'டிக்னா' என்னும் கோலங்களை இடுவார்கள். வெள்ளை மண், மஞ்சள் மண், காவி, கரி ஆகியவைதான் வண்ணங்கள். அவர்களுள் பர்தான் பிரிவினர் பாணா என்ற நரம்புக் கருவியை வாசித்துக் குலக்கதைகளைப் பாடுபவர்கள். பாட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த பர்தான் இளைஞர் ஜன்கர் சிங் ஷியாம் வீட்டுச் சுவரில் வரைந்திருந்த ஓவியத்தை, போபாலின் பாரத் பவனுக்காகக் கலைப்பொருள் தேடிச் சென்ற குழு 1981இல் கண்டது. குழுவை அனுப்பியவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர் அவர். மலையும் பறவையும் அவருடைய படங்களிலும் திரும்பத் திரும்ப வரும். போபாலுக்கு வந்த ஜன்கர், பாட்டில் கேட்ட விலங்குகளையும் பறவைகளையும் தாளில் இறக்கினார். 1989இல் அவை பாரிஸ் கண்காட்சி வரை போயின.

இந்த ஓவியத்தில் முதலில் வருவது புற உருவம். அதன் உள்ளே புள்ளி, கோடு, பிறை, செதில் என்று நிரப்புவதில்தான் நேரம் போகும். அந்த நிரப்பல் ஓவியருக்கு ஓவியர் மாறும், கையெழுத்தைப் போல. ஜன்கரின் உறவினர் பஜ்ஜு ஷியாம் லண்டன் உணவகம் ஒன்றில் சுவரோவியம் வரையப் போனார். அங்கே கண்டதை வைத்து உருவான அவருடைய நூலைச் சென்னை தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்டது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் ஒரு சேவலோடு சேர்ந்து நிற்கிறது. நேரம் சொல்ல அவருடைய ஊரில் இருப்பது சேவல்தானே!

கோண்டு பறவையைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னால், அதுவும் நான் முன்பு செய்த தவறாகவே முடியும். அதனால், "பறவைக்குள் உங்கள் வீட்டில் தினமும் பார்க்கும் ஒன்றை நிரப்புங்கள்" என்று மட்டும் சொன்னேன். கோலத்தோடு, ராகி வயலின் சால், குடில் கம்பி, கூடைப் பின்னல் எல்லாம் வந்தன. பேருந்துச் சக்கரத்தை நிரப்பிய ஒருத்தி, காரணம் கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டாள்.

சிவப்பு மை வாங்கியவன் பெரிய கொக்கு ஒன்றை வரைந்திருந்தான். உடல் முழுக்கச் சின்னச் சின்ன அறுகோணங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டம். "நட்டு சார். அப்பா கம்பெனியில செய்யுறது" என்றான். அலகு இன்னும் கோணலாகத்தான் இருந்தது. தேதியை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன்.