ஏரிக்கரைப் பூங்காவும் மூதாதையர் மயானமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கோடை பிறந்ததும் குடும்பங்கள் ஏரிக்கரைகளை நாடிச் செல்வது வழக்கமாகும். அங்கு வாழும் எமது உறவினர்களும் மாகாணப் பூங்காக்களில் கூடாரமடித்து, விறகு மூட்டிச் சமைத்து, பிள்ளைகளை நீரில் விளையாடவிட்டு ஓரிரு நாட்களைக் கழித்துத் திரும்புகின்றனர். இயற்கையுடனான இவ்வுறவில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. ஆயினும், அத்தகைய பூங்காவொன்றின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

ஹியூரன் ஏரியின் தென்கிழக்குக் கரையில் 1936 இல் இப்பர்வாஷ் மாகாணப் பூங்கா அமைக்கப்பட்டது. அகன்ற மணற்கரையும் ஆழம் குறைந்த நீரும் மணல்மேடுகளும் மரநிழலும் கொண்ட அவ்விடம், சிறு பிள்ளைகளுடன் செல்வோருக்கு மிகவும் உகந்தது. ஆனால், அந்நிலம் 1928 வரை ஸ்ரோனி பொயின்ற் பூர்வீகக் குடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலமாகும். பூங்காவினுள் தமது மூதாதையர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இருப்பதாகவும் அதனைப் பாதுகாக்க வேண்டுமெனவும் அம்மக்களின் சபை 1937 இலேயே கோரியது. கோரிக்கை மத்திய அரசாங்கத்திடமிருந்து மாகாண அரசாங்கத்துக்குச் சென்றது. அத்துடன் சரி. மயானம் என்று அழைத்தாலும் மையவாடி என்று அழைத்தாலும், அதன்மீது கூடாரங்கள் எழுவதைப் பார்த்திருப்போரின் வேதனையை எமது வாசகர்கள் அறிவர்.

1942 இல், பூங்காவை அண்டியிருந்த எஞ்சிய நிலம் முழுவதையும் யுத்தகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம் சுவீகரித்தது. யுத்தம் முடிந்து தேவை தீர்ந்ததும் திருப்பித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. யுத்தம் 1945 இல் முடிந்தது, நிலம் திரும்பவில்லை. 1993 இல் அம்மக்களில் ஒரு பகுதியினர் முகாம் நிலத்தினுள் சென்று குடியேறினர். 1995 செப்டெம்பர் 4 ஆம் திகதி, கோடைகாலத்தின் இறுதி விடுமுறை நாளன்று, கூடாரமடித்திருந்தோர் வெளியேறிய பின்னர் பூங்காவினுள்ளும் பிரவேசித்தனர். குடும்பங்களுக்கு இடையூறு நேராத வேளையையே அவர்கள் தெரிந்தெடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இரு தினங்களின் பின்னர் மாகாணப் பொலிஸார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் டட்லி ஜோர்ஜ் என்பவர் கொல்லப்பட்டார். அவரிடம் ஆயுதம் இருக்கவில்லை. சுட்ட பொலிஸ் அதிகாரி 1997 இல் குற்றவாளியாகக் காணப்பட்டபோதிலும் சிறை செல்லவில்லை.

விசாரணை ஆணைக்குழு அமைவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிபதி சிட்னி லிண்டனின் அறிக்கை 2007 மே மாதம் வெளியாகியது. அவ்வருட டிசெம்பரில் பூங்காவைத் திருப்பிக் கொடுப்பதாக மாகாண அரசாங்கம் அறிவித்தது. இராணுவ முகாம் நிலம் தொடர்பான இறுதி உடன்படிக்கை 2016 இலேயே கைச்சாத்தானது. அந்நிலத்தில் வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடி அகற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1995 க்குப் பின்னர் இப்பர்வாஷ் பூங்கா கூடாரமடிப்போருக்காக மீண்டும் திறக்கப்படவில்லை. அக்கரையை விரும்பும் குடும்பங்கள் இப்போது சற்று வடகிழக்கே உள்ள பினெரி மாகாணப் பூங்காவுக்குச் செல்கின்றன.